தோள்பட்டை ஜவ்வுக் கிழிசலும் அறுவை சிகிச்சை முடிவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்கேன் படங்களை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு, "ஜவ்வு முழுசா கிழிஞ்சிருக்காம், உடனே ஆபரேஷன் பண்ணணுமா?" என்ற ஒரே கேள்வியோடு வருபவர்களைச் சென்னையில் பிசியோதெரபிப் பணியில் இருக்கும் நான் வாரந்தோறும் சந்திக்கிறேன். அவர்களில் சிலருக்கு உண்மையாகவே அவசரம் உண்டு. அதை அறியாமல் மாதக்கணக்கில் தைலம் தேய்த்துக் காலத்தைக் கடத்திவிட்டு வருகிறார்கள். பலருக்கு அவசரமே இல்லை. அறிக்கையில் உள்ள ஒரு சொல்லைப் பார்த்துப் பயந்து தூக்கத்தைத் தொலைத்திருக்கிறார்கள். தாங்கள் எந்தப் பக்கம் என்பதை இந்த இரு சாராரும் அறிந்துகொள்ள உதவ வேண்டும் என்றே இதை எழுதுகிறேன். உங்கள் கையைத் தொட்டு, தூக்கிப் பார்த்துச் சொல்லும் எலும்பு மூட்டு மருத்துவரின் முடிவுக்கு இது மாற்றாகாது.

தோள்பட்டையில் "ஜவ்வு" என்று சொல்லப்படுவது எது?

நம் பேச்சில் மூட்டைச் சுற்றியுள்ள மென்மையான எதையும் ஜவ்வு என்றே சொல்லிவிடுகிறோம். முதுகெலும்புகளுக்கு நடுவே இருப்பதும் ஜவ்வு, முழங்காலில் இருப்பதும் ஜவ்வு. தோள்பட்டையில் பெரும்பாலும் கிழிவது தசைநாண், அதாவது தசையின் முனையை எலும்போடு இணைக்கும் வெண்மையான பட்டை. சுப்ராஸ்பைனேட்டஸ், இன்ஃப்ராஸ்பைனேட்டஸ், டெரஸ் மைனர், சப்ஸ்கேபுலாரிஸ் என்னும் நான்கு தசைகள் முதுகுப் பக்கமுள்ள தோள்பட்டை எலும்பிலிருந்து கிளம்புகின்றன. அவற்றின் நாண்கள் ஒன்றுசேர்ந்து, சட்டைக் கையின் பட்டி மணிக்கட்டைச் சுற்றியிருப்பது போல, மேற்கை எலும்பின் உருண்டைத் தலையைச் சுற்றிப் பிடித்திருக்கின்றன. இந்தத் தொகுதிக்கு ரொட்டேட்டர் கஃப் என்று பெயர் வந்ததும் அதனால்தான்.

தோள் மூட்டின் குழி மிகவும் ஆழமற்றது. அகல் விளக்கின் மேல் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்தால் எப்படி இருக்குமோ அப்படித்தான் கை எலும்பின் தலை அதில் அமர்ந்திருக்கிறது. பழம் உருண்டு விழாமல் நாலாபுறமும் இழுத்துப் பிடித்து நிறுத்துவது இந்த நான்கு நாண்களின் வேலை. மேலே ஓர் எலும்புக் கூரைக்கு அடியில் நுழைந்து வரும் சுப்ராஸ்பைனேட்டஸ் நாணே மற்றவற்றைவிட அதிகமாகக் கிழிகிறது.

நான் கீழே விழவே இல்லையே, பிறகு எப்படிக் கிழிந்தது?

கிழிசல் இரண்டு வழிகளில் வருகிறது. ஒன்று விபத்து. ஐப்பசி மழையில் வண்டி வழுக்கிக் கையை ஊன்றி விழுவது, ஓடத் தொடங்கிய பேருந்தின் கம்பியில் தொங்கும்போது வெடுக்கென்று தோள் இழுபடுவது, தோள் மூட்டு நழுவுவது ஆகியவை இதில் சேரும். நாற்பது வயதைத் தாண்டிய ஒருவருக்கு மூட்டு நழுவினால், அதைத் திரும்பப் பொருத்தியதோடு விட்டுவிடாமல், நாண் கிழிந்திருக்கிறதா என்றும் அவசியம் பார்க்க வேண்டும்.

மற்றொன்று தேய்மானம். பல ஆண்டுகள் உடுத்திய வேட்டி, யாரும் இழுக்காமலே மடிப்பில் நைந்து இழை இழையாக விட்டுப்போவதைப் போல, வயது ஏற ஏற நாணும் நைகிறது. நாள் முழுவதும் கையைத் தலைக்கு மேல் தூக்கி வேலை செய்யும் பெயின்டர்களுக்கும் எலக்ட்ரீஷியன்களுக்கும், புகைபிடிப்பவர்களுக்கும் இந்த வாய்ப்பு கூடுதல். இப்படிக் கிழிந்த பலருக்கு வலியே தெரிவதில்லை. தோளில் எந்தக் குறையும் சொல்லாத அறுபது வயதுக்காரர்களை ஸ்கேன் செய்து பார்த்தாலும் அவர்களில் கணிசமானோருக்குக் கிழிசல் இருக்கிறது என்பது பல நாட்டு ஆய்வுகளில் தெரிந்த செய்தி. ஆகவே படத்தில் கிழிசல் தெரிகிறது என்பதாலேயே உங்கள் வலிக்குக் காரணம் அதுதான் என்று முடிவு கட்டிவிட முடியாது.

இது கிழிசலா, உறைந்த தோள்பட்டையா, கழுத்து எலும்புத் தேய்மானமா?

இந்த மூன்றையும் குழப்பிக்கொள்பவர்களே அதிகம். ஒரு சிறு சோதனையை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். நீங்கள் கையைத் தளர்வாக விட்டுவிடுங்கள். வீட்டில் உள்ள ஒருவர் உங்கள் முழங்கையைத் தாங்கி மெதுவாக மேலே தூக்கட்டும். அவர் தூக்கினாலும் பாதி வழியில் கதவு தாழிட்டது போல நின்றுவிட்டால், மூட்டே விறைத்து அசையாமல் போகும் உறைந்த தோள்பட்டையாக இருக்க வாய்ப்பு அதிகம். அவர் தூக்கும்போது கை காதருகே வரை போய்விடுகிறது, ஆனால் நீங்களாகத் தூக்க முடியவில்லை, அல்லது அவர் விட்டதும் கை கீழே சரிந்து விழுகிறது என்றால், நாண் கிழிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்கு உறைந்த தோள்பட்டை அதிகம் வருகிறது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு சொல்கிறது. அதனால் நம் ஊரில் தோள் வலி என்று வருபவரிடம் முதலில் சர்க்கரை அளவைக் கேட்பது வழக்கமாகிவிட்டது.

கிழிசலின் வலி பெரும்பாலும் தோளின் வெளிப்பக்கத்தில், தடுப்பூசி போடும் இடத்தை ஒட்டி இருக்கும். அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் நடு இரவில் எழுப்பிவிடும். தலை பின்னவும், பின்பக்கக் கொக்கி மாட்டவும், கொடியில் துணி போடவும் கை எழாது. வலி முழங்கையைத் தாண்டி விரல்கள் வரை ஓடி, மரத்தும் போகிறது என்றால் கழுத்தைப் பார்க்க வேண்டும்.

இதில் தயங்கக் கூடாத ஒன்று உண்டு. இடது தோளிலோ கையிலோ வலி வந்து, கூடவே நெஞ்சில் அழுத்தமும் வியர்வையும் மூச்சுத் திணறலும் இருந்தால், அது தோள்பட்டைப் பிரச்சினை என்று எண்ணித் தைலத்தைத் தேடாமல் உடனே 108-ஐ அழையுங்கள்.

யாருக்கு அவசரம்?

நேற்று வரை நன்றாக இயங்கிய கை, ஒரு விபத்துக்குப் பிறகு சட்டென்று தூக்க முடியாமல் போயிருந்தால், அவருக்கு அவசரம். எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை என்றதும் "நல்லவேளை, ஒன்றும் இல்லை" என்று வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். நாண் எக்ஸ்ரேயில் தெரியாது. ஓரிரு வாரங்களில் வலி குறைந்தும் கை எழவில்லை என்றால் எலும்பு மூட்டு மருத்துவரைப் பார்த்து, நாண் தெரியும்படியான ஸ்கேன் எடுத்தாக வேண்டும்.

கோயம்பேட்டில் மூட்டை தூக்கும் நாற்பத்து நான்கு வயதுக்காரர் ஒருவரை என்னால் மறக்க முடியவில்லை. மழை நாளில் வழுக்கி விழுந்தவர். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். ஐந்து மாதம் சுளுக்கு எடுத்துக்கொண்டும் வலி மாத்திரை விழுங்கிக்கொண்டும் இருந்துவிட்டு என்னிடம் வந்தபோது, தோள்பட்டை எலும்பின் மேல் இருக்க வேண்டிய சதை வற்றி, அங்கே விரல் வைத்தால் பள்ளம் தெரிந்தது. கையைத் தூக்கச் சொன்னால் தோளை முழுவதுமாகக் காது வரை குறுக்கி உயர்த்தினாரே தவிர, கை இடுப்புக்கு மேல் வரவில்லை. மருத்துவர் தைத்துக் கொடுத்தார், வலி போயிற்று, ஆனால் பழைய வலு திரும்பவில்லை. அவர் இப்போது ஒரு கடையில் கணக்குப் பார்க்கிறார். முதல் மாதத்திலேயே வந்திருந்தால் என்ற எண்ணம் அவரைவிட என்னை அதிகம் வருத்துகிறது.

காரணம் இதுதான்: நாண் எலும்பை விட்டுக் கழன்றுபோனால், அதன் தசைக்கு இழுக்க ஒன்றும் இல்லாமல் போகிறது. தசை சுருங்கிப் பின்வாங்கி, நாளடைவில் கொழுப்பாக மாறுகிறது. கறிக்கடையில் சிவந்த இறைச்சிக்கு நடுவே வெள்ளைக் கொழுப்பு ஓடியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஸ்கேனிலும் ஏறக்குறைய அப்படித்தான் தெரியும். பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த கூட்டாலியே குழுவினர் 1994-இல் இதை 0 முதல் 4 வரை படிகளாகப் பிரித்துக் காட்டினார்கள். மருத்துவர்கள் இன்றும் அந்த அளவையே பயன்படுத்துகிறார்கள். தசை ஒருமுறை கொழுப்பாகிவிட்டால், பிறகு நாணை எவ்வளவு நேர்த்தியாகத் தைத்தாலும் அது பழைய தசையாக மாறுவதில்லை. விபத்தால் வந்த பெரிய கிழிசலை மூன்று மாதங்களுக்குள்ளாகத் தைத்துவிட வேண்டும் என்று மருத்துவர்கள் விரும்புவது இதனால்தான்.

அறிக்கையில் "முழுக் கிழிசல்" என்று இருக்கிறது. அப்படியானால் அறுவை செய்தே ஆக வேண்டுமா?

முதலில் அந்தச் சொல்லின் பொருளைத் தெரிந்துகொள்ள வேண்டும். முழுக் கிழிசல் என்றால் நாண் முற்றிலும் அறுந்து தொங்குகிறது என்று பொருளல்ல. நாணின் மேல்பக்கத்திலிருந்து அடிப்பக்கம் வரை ஊடுருவிய ஓட்டை இருக்கிறது என்பதே பொருள். போர்வையில் ஓட்டை விழுந்தால் அது போர்வையை ஊடுருவித்தான் இருக்கும். அதனால் போர்வை இரண்டாகிவிட்டது என்று ஆகாது. ஓட்டை ஒரு சென்டிமீட்டரா ஐந்து சென்டிமீட்டரா, எத்தனை நாண்களில், முனை எவ்வளவு தூரம் பின்வாங்கியிருக்கிறது, தசையில் கொழுப்பு எவ்வளவு என்பவையே அறிக்கையில் கவனிக்க வேண்டிய செய்திகள்.

விபத்தின்றி, தேய்மானத்தால் வந்த கிழிசல் என்றால் பெரும்பாலானோருக்கு முதல் சிகிச்சை உடற்பயிற்சிதான். அமெரிக்காவில் பல மருத்துவமனைகள் சேர்ந்து, இத்தகைய முழுக் கிழிசல் உள்ள 452 பேரைப் பின்தொடர்ந்து 2013-இல் ஓர் ஆய்வை வெளியிட்டன. முறையான பயிற்சியை மேற்கொண்ட அவர்களில், இரண்டு ஆண்டுகள் முடியும்போது அறுவைக்குச் சென்றவர்கள் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. சென்றவர்களிலும் பெரும்பாலோர் முதல் 12 வாரங்களுக்குள்ளேயே போய்விட்டார்கள். இதே குழுவின் பிந்தைய ஆய்வில் தெரிந்த இன்னொன்று எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. யார் அறுவைக்குப் போவார்கள் என்பதைக் கிழிசலின் அளவைவிட, "பயிற்சி எனக்குப் பலன் தரும்" என்ற எதிர்பார்ப்பு அவரிடம் இருந்ததா என்பதே அதிகம் தீர்மானித்திருக்கிறது. ஆகவே, "சும்மா ரெண்டு மாசம் பண்ணிப் பாருங்க" என்று அசட்டையாகச் சொல்லி அனுப்பும் பயிற்சி தோற்றுப்போவதற்கு அந்தச் சொல்லும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

பெரம்பூரிலிருந்து வந்த அறுபத்து மூன்று வயது அம்மாள் ஒருவருக்கு இரண்டு சென்டிமீட்டர் முழுக் கிழிசல். மகள்கள் இருவரும் பயந்து அறுவைக்குத் தேதி குறித்துவிட்டே அழைத்து வந்திருந்தார்கள். கையைத் தூக்கச் சொன்னேன். முகத்தைச் சுளித்துக்கொண்டே என்றாலும் தலைக்கு மேல் தூக்கினார். மருத்துவரோடு பேசித் தேதியைத் தள்ளி வைத்து, மூன்று மாதம் பயிற்சி செய்தார். ஓட்டை இப்போதும் அங்கேயே இருக்கிறது. அவர் மாடியில் துணி காயப்போடுகிறார், இரவில் தூங்குகிறார்.

அதற்காக, தேய்மானக் கிழிசல் உள்ள எவரும் அறுவையை நினைக்கவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. காலப்போக்கில் கிழிசல் பெரிதாவது உண்டு. அறுபதுக்குக் கீழான வயது, கையை நம்பிய தொழில், தெளிவாகத் தெரியும் வலுக்குறைவு ஆகியவை சேர்ந்திருந்தால் மருத்துவர் முன்கூட்டியே தைக்கச் சொல்லுவது நியாயமானதே. அறுவையைத் தள்ளிவைப்பவர்கள், வலி புதிதாகக் கூடினாலோ வலு குறைந்தாலோ உடனே மறுபடி காட்ட வேண்டும்.

பயிற்சி செய்தால் கிழிசல் ஒட்டிக்கொள்ளுமா?

ஒட்டாது. கிழியாத பகுதியையும் மற்றத் தசைகளையும் வலுவாக்கி, அவை பழத்தை அகலின் நடுவில் நிறுத்தப் பழக்குவதே பயிற்சி செய்யும் வேலை.

என்னென்ன பயிற்சிகள்? வீட்டிலேயே செய்யலாமா?

முதல் சில நாள் நேரில் கற்றுக்கொண்டு, பிறகு வீட்டிலேயே செய்யலாம். தொடக்கத்தில் சாப்பாட்டு மேசையில் ஒரு துண்டை விரித்து, அதன் மேல் உள்ளங்கையை வைத்து, உடம்பை முன்னே சாய்த்துக் கையை வழுக்கவிடுவது போதும். அடுத்து, மல்லாந்து படுத்து, நல்ல கையால் வலிக்கும் கையின் மணிக்கட்டைப் பிடித்துக் கூரையை நோக்கித் தூக்குவது. படுத்த நிலையில் கையின் எடை தோளை அதிகம் இழுக்காது என்பதால், உட்கார்ந்து தூக்க முடியாதவர்களுக்கும் இது முடியும். அது எளிதானதும் உதவியில்லாமல் தூக்குவது, பிறகு அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலோடு தூக்குவது, தலைமாட்டில் தலையணை அடுக்கி மெல்ல மெல்ல நிமிர்ந்த நிலைக்கு வருவது என்று முன்னேறலாம்.

நான் மிகவும் நம்பும் பயிற்சி ஒன்று உண்டு. ரப்பர் பட்டையை ஜன்னல் கம்பியில் முழங்கை உயரத்தில் கட்டுங்கள். நல்ல தோள் ஜன்னல் பக்கமும் வலிக்கும் தோள் அதற்கு எதிர்ப்பக்கமும் இருக்கும்படி பக்கவாட்டில் நின்று, சுருட்டிய துண்டு ஒன்றை முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவே இடுக்கிக்கொள்ளுங்கள். முழங்கையைச் செங்கோணமாக மடக்கி, வயிற்றருகே இருந்து பட்டையை வெளிப்பக்கமாக இழுத்து, மூன்று எண்ணும் நேரம் நிறுத்தி, அதே நிதானத்தோடு திரும்ப விட வேண்டும். துண்டு கீழே விழுந்தால் முழங்கை விலகிவிட்டது என்று பொருள். பெரும்பாலானோர் இழுக்கும்போது காட்டும் கவனத்தைத் திரும்ப விடும்போது காட்டுவதில்லை. தசை வலுப்பெறுவதில் அந்தத் திரும்பும் பாதிக்கும் பங்கு இருக்கிறது.

பயிற்சியின்போது சற்று வலிப்பதில் தவறில்லை. ஆனால் அன்றிரவு தூக்கம் கெடும் அளவுக்கு வலித்தால் மறுநாள் அளவைக் குறைக்க வேண்டும். பலனைத் தீர்மானிக்க 12 வாரங்களாவது தேவை. பத்து நாள் செய்துவிட்டு "பிசியோவில் குணமாகவில்லை" என்று சொல்லுவது நியாயமாகாது.

சுளுக்கு எடுக்கலாமா? புத்தூர் கட்டுப் போடலாமா?

இதை யாரையும் குறை சொல்லும் நோக்கத்தோடு எழுதவில்லை. நம் வீடுகளில் பாட்டி வெந்நீர் ஒத்தடம் கொடுத்துத் தைலம் தேய்த்துவிடுவது இதமாகத்தான் இருக்கும், அதனால் கெடுதியும் இல்லை. ஆனால் கையை வெடுக்கென்று இழுத்துச் சுளுக்கு எடுப்பது, ஏற்கெனவே நைந்த நாணை மேலும் கிழித்துவிடக்கூடும். புத்தூர் கட்டு எலும்பு முறிவுக்காக ஏற்பட்ட மரபு. கழன்ற நாண் முனையைக் கட்டுப் போட்டு எலும்போடு ஒட்ட வைக்க முடியாது. மாறாக, வாரக்கணக்கில் இறுக்கிக் கட்டிய தோள் விறைத்துப்போகும். பிறகு கிழிசலோடு விறைப்புக்கும் சேர்த்துச் சிகிச்சை செய்ய வேண்டியிருக்கும்.

தோளில் ஊசி போட்டுக்கொள்ளலாமா?

ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு வலியைக் குறைக்கும். அந்த இடைவெளியில் பயிற்சியைத் தொடங்க முடிந்தால் நல்ல பயன். திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டால் நாண் பலவீனமாகும். சர்க்கரை உள்ளவர்களுக்குச் சில நாள் இரத்தச் சர்க்கரை ஏறும். அறுவைக்கு முந்தைய ஒரு மாதத்துக்குள் போட்டால் கிருமித்தொற்றின் அபாயம் கூடும் என்பதால், எப்போது ஊசி போட்டீர்கள் என்பதை அறுவை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். உங்கள் இரத்தத்திலிருந்தே பிரித்தெடுத்துப் போடும் பி.ஆர்.பி. ஊசிக்குப் பெருந்தொகை கேட்கிறார்கள். அது கிழிசலை ஆற்றிவிடும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. கடன் வாங்கிப் போட வேண்டிய ஊசி அல்ல அது.

எம்.ஆர்.ஐ. அவசியமா?

அறுவையைப் பற்றி யோசிக்கும்போது அவசியம். கிழிசல் இருக்கிறதா என்று மட்டும் பார்க்க, பழகிய கை பார்க்கும் அல்ட்ராசவுண்டே போதும், செலவும் குறைவு.

அறுவையில் என்ன செய்கிறார்கள்?

பாஸ்டன் நகர அறுவை மருத்துவர் எர்னஸ்ட் காட்மன் இந்த நாணைத் தைத்த செய்தியை 1911-இல் எழுதியபோது தோளைத் திறந்துதான் தைக்க முடிந்தது. இப்போது பெரும்பாலும் ஆர்த்ரோஸ்கோபி முறையில், மூன்று நான்கு சிறு துளைகள் வழியாகச் செய்கிறார்கள். ஒரு துளையில் பென்சில் கனமுள்ள கேமரா செல்லும். எலும்பில் சிறு ஆணிகளை இறக்கி, அவற்றோடு பிணைந்த நூல்களை நாணின் ஊடே கோத்து, நாணை எலும்பின் மேல் அமுக்கிக் கட்டுவார்கள். இந்த ஆணிகளை ஆங்கர் என்பார்கள். பின்னாளில் எடுக்க வேண்டியதில்லை. மயக்க மருந்தோடு கழுத்தருகே நரம்பை மரக்கச் செய்யும் ஊசியும் போடுவதால், முதல் அரை நாளோ ஒரு நாளோ கை உங்கள் கை போலவே இருக்காது. அதற்குப் பயப்பட வேண்டாம். ஆனால் மரப்பு விலகும்போது வலி திடீரென்று வரும் என்பதால், வலி மாத்திரையை அதற்கு முன்பே எடுத்துக்கொள்ள வேண்டும்.

நாண் கிழியாமல் தோள் வலி மட்டும் உள்ளவருக்கு, மேலிருக்கும் எலும்புக் கூரையைச் சுரண்டி இடம் உண்டாக்கும் அறுவை ஒன்று முன்பு பரவலாகச் செய்யப்பட்டது. பிரிட்டனில் நடந்து 2018-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு, கேமராவை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு எதையும் சுரண்டாமல் வந்தவர்களுக்கும் ஏறக்குறைய அதே அளவு நிவாரணம் கிடைத்ததைக் காட்டியது. உங்களுக்குச் சொல்லப்படுவது தைக்கும் அறுவையா, சுரண்டுவது மட்டுமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அறுவைக்குப் பிறகு வீட்டில் என்ன ஏற்பாடு வேண்டும்?

அறுவை இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அதன் பின்னால் ஆறு மாத வேலை இருக்கிறது. நாண் எலும்போடு ஓரளவு உறுதியாகப் பற்ற 12 வாரங்கள் ஆகும். முதல் 4 முதல் 6 வாரங்கள் இரவும் பகலும் ஸ்லிங்கில், அதாவது கழுத்திலிருந்து கையைத் தாங்கும் பட்டையில், கை இருக்க வேண்டும். விரல், மணிக்கட்டு, முழங்கை ஆகியவற்றை மட்டும் அசைக்கலாம். தோளை வேறொருவர்தான் அசைக்க வேண்டும். ஆறு வாரத்துக்குப் பிறகு நீங்களாகத் தூக்கலாம்; எடை தூக்குவது மூன்று மாதத்துக்குப் பிறகு. கணினி வேலைக்கு இரண்டு முதல் நான்கு வாரத்தில் திரும்பலாம். மூட்டை தூக்குவதற்கும் வலை இழுப்பதற்கும் ஆறு மாதமோ அதற்கு மேலோ ஆகும். அதுவரை வருமானத்துக்கு என்ன வழி என்பதைத் தேதி குறிப்பதற்கு முன்பே குடும்பமாக உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

மருத்துவமனையில் யாரும் சொல்லாத சில சங்கதிகளைச் சொல்கிறேன். மல்லாந்து படுத்தால் தோள் பின்னே சரிந்து வலிக்கும். முதல் சில வாரங்கள் சாய்வு நாற்காலியிலோ, முதுகுக்குத் தலையணை அடுக்கிச் சாய்ந்தோதான் தூங்க முடியும். முழங்கைக்கு அடியில் ஒரு தலையணை வேண்டும். முன்பக்கம் முழுவதும் திறக்கும் சட்டை, முன்கொக்கி ரவிக்கை, முன்னால் ஜிப் வைத்த நைட்டி ஆகியவற்றை முன்பே எடுத்து வையுங்கள். அறுவை நடந்த கையை முதலில் நுழைத்து, கழற்றும்போது கடைசியில் எடுக்க வேண்டும். குளிக்கும்போது முன்னே குனிந்து கையைத் தொங்கவிட்டால் அக்குளைக் கழுவ முடியும். சென்னை வெயிலில் இதைச் செய்யாவிட்டால் ஒரே வாரத்தில் அக்குள் புண்ணாகிவிடும்.

வலது தோள் என்றால் இடது கையால் சாப்பிட வேண்டிவரும். வயதானவர்கள் இதற்கு மிகவும் சங்கடப்படுகிறார்கள். சாப்பாட்டையே குறைத்துக்கொண்ட ஒரு தாத்தாவைப் பார்த்திருக்கிறேன். ஒரு கரண்டியைக் கையில் கொடுத்து, வீட்டில் உள்ளவர்களும் கூடவே உட்கார்ந்து சாப்பிட்டால் அந்தக் கூச்சம் போய்விடும். இடது தோள் என்றால் கழிவறையில் சிரமம். கைக்கு எட்டும் இடத்தில் ஹேண்ட் ஷவர் பொருத்தியிருந்தால் பிறர் உதவி தேவைப்படாது. வண்டி ஓட்டுவதும், பேருந்திலோ மின்சார ரயிலிலோ கம்பியைப் பிடித்துத் தொங்குவதும் மூன்று மாதத்துக்குக் கூடாது.

தைத்தது மறுபடி கிழியுமா?

கிழியக்கூடும். சிறிய கிழிசலில் இது குறைவு. பெரிய கிழிசலிலும், வயது கூடியவர்களிடமும், கொழுப்பேறிய தசையிலும் அதிகம். இரண்டு மூன்று நாண்கள் சேர்ந்த மிகப் பெரிய கிழிசலில், தைத்த பத்துப் பேரில் நான்கு பேருக்கு மேல் மறுபடி விட்டுப்போவதுண்டு. அப்படி விட்டுப்போனவர்களிலும் பலருக்கு வலி முன்பைவிடக் குறைவாகவே இருக்கிறது என்பது ஆறுதலான செய்தி. புகைபிடிப்பதை அறுவைக்கு முன்பே நிறுத்துவதும், மூன்று மாதச் சர்க்கரை அளவைக் கட்டுக்குள் கொண்டுவருவதும் உங்கள் கையில் இருக்கின்றன. வலி போய்விட்டது என்று எட்டாவது வாரத்தில் குடத்தைத் தூக்குபவர்களைப் பார்க்கிறேன். வலி போவதும் நாண் பற்றுவதும் ஒரே நாளில் நடப்பதில்லை.

தைக்கவே முடியாது என்று சொல்லிவிட்டார்கள். வேறு வழி இல்லையா?

இருக்கிறது. கையைத் தூக்கும் வெளிப்புற டெல்டாய்டு தசையைப் படுத்த நிலைப் பயிற்சியால் வலுவாக்கியே பலர் அன்றாட வேலைகளைச் செய்யும் நிலைக்கு வந்திருக்கிறார்கள். மூட்டும் தேய்ந்து கையும் எழாத முதியவர்களுக்கு ரிவர்ஸ் மூட்டு மாற்று உதவும். பந்து இருந்த இடத்தில் குழியையும், குழி இருந்த இடத்தில் பந்தையும் வைக்கும் இந்த யோசனையைப் பிரான்ஸ் நாட்டு மருத்துவர் பால் கிராமோன் 1985-இல் செயல்படுத்தினார். நாண் இல்லாமலே டெல்டாய்டு தசையால் கையை உயர்த்த அது வழி செய்கிறது.

செலவை எப்படிச் சமாளிப்பது?

சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம், இராயப்பேட்டை ஆகிய அரசு மருத்துவமனைகளில் எலும்பு மூட்டுப் பிரிவு இருக்கிறது, பிசியோதெரபிக்குக் கே.கே. நகர் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையமும் உண்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு கிடைக்கிறது. உங்களுக்குச் சொல்லப்பட்ட குறிப்பிட்ட அறுவை அதில் சேர்கிறதா என்பதை, அட்டையோடு மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முன்பே கேட்டு, ஒப்புதல் வந்த பிறகு படுக்கையில் சேருங்கள். தனியாரிடம் போவதாக இருந்தால் எத்தனை ஆங்கர், ஒன்றின் விலை என்ன என்று எழுதிக் கேளுங்கள். மொத்தத் தொகையைப் பெரிதும் கூட்டுவது அதுதான். அதோடு, மூன்று மாதப் பிசியோதெரபிக் கட்டணத்தையும் போக்குவரத்தையும் கணக்கில் சேர்க்காமல் போட்ட பட்ஜெட்டால் பாதியில் நின்றுபோனவர்கள் பலர்.

அறுவைக்குப் பிறகு எப்போது உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்?

காய்ச்சலும் குளிரும் வந்தால், துளைகளிலிருந்து சீழ் வடிந்தால், மாத்திரைக்கும் அடங்காமல் வலி நாளுக்கு நாள் கூடினால், இரண்டு நாளைக்குப் பிறகும் விரல்கள் மரத்தே இருந்தால் அல்லது நீலம் பாரித்தால் காத்திருக்க வேண்டாம். கையோ காலோ வீங்கி இறுகினாலும், மூச்சுத் திணறினாலும் இரவென்றும் பாராமல் போக வேண்டும். தடுக்கி விழுந்து தோளில் "டப்" என்ற உணர்வு வந்தால், வலி இல்லாவிட்டாலும் மறுநாளே காட்டுங்கள். முதல் நாள் தோளைச் சுற்றி வீக்கம் இருப்பதும் கட்டு நனைவதும் அறுவையின்போது உள்ளே செலுத்திய உப்பு நீரால் ஏற்படுபவை. இரண்டொரு நாளில் வடிந்துவிடும்.